சென்னபட்டணா ஒயினரி ட்ரிப்: கோபியிலிருந்து மூணு நாள் திட்டம் சரியா வருமா?

கோபிக்காரன்:
ஜனவரி 26 திங்கக்கிழமை வருதுங்க. சனி, ஞாயிறு சேர்த்தா மூணு நாள். நாலு பேர், ஒரே கார். சனி சாயங்காலம் 4 மணிக்குக் கிளம்பி சத்தி, திம்பம், சாம்ராஜ்நகர் வழியா கர்நாடகத்துச் சென்னபட்டணா, அங்க ஒயினரி, அதாவது திராட்சை ஒயின் தயாரிக்கற இடம், பார்க்கறோம். ஞாயிறு மைசூர். திங்க காலைல திரும்ப ஒயினரி, அப்படியே வீடு. வரும்போது ஆளுக்கு மூணு பாட்டில். ஓட்டறது நான் ஒருத்தன்தான், ருசி பார்க்கற அளவு மட்டும் குடிச்சா ஓட்டலாங்களா? திட்டத்துல ஓட்டை இருந்தாச் சொல்லுங்க.

திம்பம்27:
ஓட்டை ஒண்ணு மட்டும் இல்லைங்க, நிறைய இருக்குது.

முதல்ல திங்கக்கிழமை. குடியரசு தினத்தன்னைக்குக் கர்நாடகத்துலயும் மது விற்பனை கிடையாது. தோட்டத்தைச் சுத்திக் காட்டினாலும் கிளாஸ்ல ஊத்த மாட்டாங்க. ஒயினரியை ஞாயிறுக்கு மாத்துங்க, மைசூரைத் திங்களுக்குத் தள்ளுங்க. திரும்பற வழியிலயே வந்துரும்.

அடுத்தது சனி 4 மணி. மலையடிவாரத்துல இருக்கற பண்ணாரி போய்ச் சேரவே 5 ஆயிரும். அங்கிருந்து திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவுல ஒரு லாரி பழுதாகி நின்னா அவ்வளவுதான், பின்னாடி வர்ற வண்டி ஒண்ணும் நகராது. சத்தி புலிகள் காப்பகத்துக்குள்ள ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை வேற. மாநில எல்லைல காரப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் கரும்பு லாரியை எதிர்பார்த்து யானை ரோட்டோரமே நிக்கும். ஞாயிறு காலைல 5 மணிக்குக் கோபில கிளம்புங்க, 6 மணிக்குப் பண்ணாரி. அங்கிருந்து கொள்ளேகால், மளவள்ளி, மத்தூர், சென்னபட்டணா. மொத்தம் சுமார் 220 கிலோமீட்டர். டிபன் சாப்பிட்டுட்டுப் போனாலும் 11, 11:30க்கு அங்க இருக்கலாம்.

மத்தூர்ல ஒரு விசயம். பெங்களூரு-மைசூரு புது விரைவுச்சாலைல ஏறிட்டீங்கன்னா அது சென்னபட்டணாவுக்கு வெளியே பைபாஸ்ல போயிரும். மேப் என்ன சொன்னாலும் பழைய ரோட்டுலயே போங்க.

பந்தல்கொடி:
ருசி பார்க்கற அளவுன்னா எவ்வளவுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு ஊத்துக்கு 30 மில்லி, அஞ்சு வகைன்னா 150 மில்லி. 13 சதவீதம் ஆல்கஹால்னா 19.5 மில்லி, எடைல 15 கிராம் சொச்சம். 60 கிலோ ஆள் வெறும் வயித்துல குடிச்சா 100 மில்லி ரத்தத்துக்கு 35லிருந்து 40 மில்லிகிராம் வரை போகும். சட்டம் விடறது 30தான். உடம்பு மணிக்கு 15 மில்லிகிராம் சுமாருக்குத்தான் இறக்கும். மாட்டினா முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில், இல்லை ரெண்டும். அதனால ஓட்டறவர் குடிக்கவே வேண்டாம். இல்லாட்டி ஞாயிறு ராத்திரி அங்கயே ரூம் போட்டுட்டு, காரை நிறுத்தினதுக்கப்புறம் ஆட்டோல ஒயினரிக்குப் போங்க. ருசி பார்த்த ஒயினைத் துப்பறதுக்குத் தனியா பாத்திரம் வைப்பாங்க, அதுல துப்பறது மரியாதைக்குறைவு இல்லைங்க, ருசி தெரிஞ்சவங்க செய்யறதே அதுதான்.

ஜனவரி நல்ல சமயம். மார்ச் வரைக்கும் அறுவடை. நம்ம தொண்டாமுத்தூர்ப் பக்கம் பன்னீர் திராட்சை தலைக்கு மேல பந்தல்ல தொங்கும். ஒயினரித் தோட்டத்துல கம்பி வேலி மாதிரி வரிசை, குலை இடுப்பு உயரத்துல இருக்கும். காய் சின்னது, தோல் தடிப்பு, கொட்டை பெருசு. இனிப்பு 22 பிரிக்ஸுக்கு (சாறுல சர்க்கரை எவ்வளவுன்னு சொல்ற அளவு) மேல ஏறினாத்தான் பறிப்பாங்க. பறிச்சு வாயில போட்டுராதீங்க, மருந்து அடிச்சிருக்கும். புளிக்கிற தொட்டி இருக்கற கூடத்துல தரை எப்பவும் ஈரம், செருப்பு வழுக்கும், ஷூ போடுங்க. சென்ட் அடிச்சுட்டுப் போகாதீங்க, கிளாஸ்ல மூக்கை விட்டா உங்க சென்ட்தான் வரும்.

கோபிக்காரன்:
ரொம்ப நன்றிங்ணா. பாட்டிலுக்கு பில் இருந்தா செக்போஸ்ட்ல விட்டுருவாங்களா? எங்ககூட வர்ற தம்பிக்கு 20 வயசு, அது பரவாயில்லைங்களா?

திம்பம்27:
பில் காப்பாத்தாதுங்க. அந்தப் பாட்டிலுக்கு வரி கட்டினது கர்நாடகத்துக்கு. இங்க கொண்டு வந்தா 1937ஆம் வருசத்துத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் பேசும். சரக்கோட வண்டியையும் பறிமுதல் பண்ணலாம். பன்னெண்டு பாட்டிலுக்காகக் காரை விடறதா? பிடிச்சதை ஞாயிறு ராத்திரி ரூம்லயே முடிச்சுருங்க. ஒரு பாட்டில் 750 மில்லி, அஞ்சு கிளாஸ். குடிக்கற மூணு பேருக்கு ஒண்ணே தாராளம்.

தம்பிக்கு ஊத்த மாட்டாங்க, 21 ஆகணும். எல்லாரும் ஆதார் எடுத்துக்குங்க. டொமைன் சூலாங்கற ஒயினரி சென்னபட்டணாவுலயேதான் இருக்குது. எங்க போனாலும் முன்னாடியே போன்ல நேரம் வாங்கிருங்க, ஞாயிறு கூட்டம் பெங்களூருலிருந்து வரும்.

கோபிக்காரன்:
சரிங்ணா, மாத்திட்டேன். ஞாயிறு 5 மணிக்குக் கிளம்பறோம், மதியம் சாப்பிட்டுட்டு ஒயினரி, ராத்திரி ரூம். திங்க மைசூர் பார்த்துட்டு 3 மணிக்குக் கிளம்பறோம்.

பந்தல்கொடி:
3 மணி ஆகாதுங்க. மைசூர்லிருந்து திம்பத்துக்கு முன்னாடி மலை மேல இருக்கற ஆசனூர் சுமார் 100 கிலோமீட்டர், அங்க சேரவே 5:30 ஆயிரும். இருட்டறதுக்குள்ள மலை இறங்கணும்னா 1 மணிக்கே கிளம்புங்க. இறங்கும்போது ரெண்டாவது கியர்லயே விடுங்க. பிரேக்கை மிதிச்சுட்டே வந்தா பாதி வளைவுலயே கருகற நாத்தம் வரும், அப்புறம் மிதிச்சாலும் பிடிக்காது.