வென்ஃப்ளானை 72 மணி நேரத்தில் மாற்றியே ஆகணுமா?

வார்டு_சிஸ்டர்:
பெரியவங்களுக்குப் போட்ட வென்ஃப்ளான் (மருந்து ஏற்றக் கை நரம்பில் குத்தி வைக்கும் சின்னக் குழாய், அதாவது கேனுலா) நல்லா ஓடினாலும், 72 மணி நேரம் ஆனா கழற்றி வேற இடத்துல குத்தணும்னு பல வார்டுகள்ல விதி இருக்கு. 2012-ல் லான்செட் மருத்துவ இதழ்ல வந்த ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வைப் படிங்க. 3,283 பேரைக் குலுக்கல் முறையில் பிரிச்சாங்க. மூணாம் நாள் மாற்றியவங்க, தேவைப்பட்டா மட்டும் மாற்றியவங்க, ரெண்டு பக்கமும் ஃபிளெபைட்டிஸ் (குழாய் போட்ட நரம்பில் வரும் அழற்சி) 7 சதவீதம்தான். அப்புறம் எதுக்கு வீணா ஒரு குத்து?

தொற்றுத்தடுப்பு:
ஃபிளெபைட்டிஸ் சமம், ஒத்துக்கறேன். என் கவலை ரத்தத்தில் கிருமி ஏறுவது. அந்த ஆய்வு முழுக்க கேனுலாவால் வந்த ரத்தத் தொற்று ஒண்ணே ஒண்ணு, அதுவும் மூணாம் நாள் மாற்றிய பக்கம். தேவைக்கு மாற்றிய 1,593 பேரில் பூஜ்யம்னா ஆபத்து இல்லைன்னு ஆகாது. பூஜ்யம் வந்தா, ஆபத்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம்னு கணிக்க 3-ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பாங்க. 3-ஐ 1,593-ஆல் வகுத்துப் பாருங்க: 530 பேருக்கு ஒருத்தர் வரைக்கும் வர வாய்ப்பிருக்கு. ஜெனிவா பல்கலைக்கழக மருத்துவமனைகள்ல தேவைக்கு மட்டும் மாற்றும் முறைக்குப் போனதும் ரத்தத் தொற்று 11-லிருந்து 46 ஆச்சு. பழைய முறைக்குத் திரும்பினதும் குறைஞ்சது. 2021-ல் வெளியான ஆய்வு இது.

வார்டு_சிஸ்டர்:
அது முன்-பின் ஒப்பீடு சிஸ்டர், குலுக்கல் கிடையாது. அந்த மாதங்கள்ல வேற என்னென்ன மாறுச்சோ!

நர்சிங்_ட்யூட்டர்:
ரெண்டு பேரும் வேற வேற விளைவைப் பேசறீங்க. தேடறதுக்கு முன்னாடியே நோயாளி, செயல், ஒப்பீடு, விளைவு நாலையும் எழுதி வைக்கணும். முதல்ல கொக்ரேன் (பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் அமைப்பு): அவங்க 2019 தொகுப்பில் 9 ஆய்வுகள், 7,412 பேர். அப்புறம் பப்மெட் (மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளம்). கேனுலா, கதீட்டர் மாதிரி ஒரே பொருள் சொற்களை 'ஆர்' போட்டும், அந்தத் தொகுப்பை ஃபிளெபைட்டிஸோடு 'ஆண்ட்' போட்டும் இணைங்க. பப்மெட் கட்டுரைகளுக்கு ஒட்டும் 'மெஷ்' பொருள் தலைப்பை மட்டும் நம்பினா, தலைப்பு இன்னும் ஒட்டாத புதுக் கட்டுரைகள் விட்டுப்போகும். அரிதா வரும் தீங்குக்குச் சின்ன குலுக்கல் ஆய்வு போதாது. அங்கே பெரிய கண்காணிப்பு ஆய்வையும் எடைபோடத்தான் வேணும்.

தொற்றுத்தடுப்பு:
அதோட, ஆய்வில் யாரைச் சேர்க்கலைன்னு பாருங்க. குயின்ஸ்லாந்தில் அவசரத்தில் போட்ட கேனுலாக்களை விலக்கிட்டாங்க. ஆய்வு நர்ஸ் தினமும் வந்து இடத்தைப் பார்த்தாங்க. நைட்ல ஒரே சிஸ்டர் 30 படுக்கை பார்க்கிற வார்டுல அதை யார் செய்வா? பார்க்காம விட்டா, 'தேவைப்பட்டா' என்பது 'மறந்துபோய்' ஆயிடும்.

வார்டு_சிஸ்டர்:
அவசரத்தில் போட்டது 48 மணி நேரத்துக்குள்ள மாறணும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மத்ததுக்கு ஷிஃப்டுக்கு ஒருமுறை விஐபி ஸ்கோர் (குத்தின இடத்தைப் பார்த்து ஃபிளெபைட்டிஸை அளக்கும் மதிப்பெண்) போடலாம். வலி, சிவப்பு, வீக்கம் மூணுல ரெண்டு இருந்தா ஸ்கோர் 2, உடனே கழற்றணும். மருந்து ஓடாத லைன் அன்னைக்கே போகணும். மணிக்கணக்கு பார்த்து மாற்றுறதைவிட இதுதான் நோயாளியைப் பார்க்க வைக்கும்.

தொற்றுத்தடுப்பு:
டிரெஸ்ஸிங் மேல தேதி, நேரம். சார்ட்ல ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஸ்கோர். 3 மாசம் அந்தக் கட்டங்கள் காலியில்லாம நிரம்பட்டும். அதுவரைக்கும் 72 மணி விதியை எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.