வரியா, நன்கொடையா?

நத்தம் பக்கம் 2021-ல் ஒரு ஏக்கர் எண்பது சென்ட் வாங்கினேன். சென்னையில் பதினெட்டு வருடம் கணினி வேலை. ஊரடங்கில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும் கிளம்பிவிட்டேன். செம்மண், நாற்பது மாமரம், ஒரு பழைய கிணறு. ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முதலில் செய்த காரியம் வேலி. கல்லுக்கால் ஊன்றி, கம்பிவலை இழுத்து, கேட்டும் போட்டேன். மறுநாள் காலை ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வெளியே நின்றார். பின்னால் முப்பது நாற்பது வெள்ளாடு.

"ஏந்தம்பி, ஆடு எப்பிடிப் போகும்?"

போனை எடுத்துப் புல வரைபடத்தைக் காட்டினேன். அதில் பாதை இல்லை. "சரிங்க தம்பி" என்று ஆடுகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன்.

யாரும் சண்டைக்கு வரவில்லை. பால் ஊற்றுபவர் மாடு வற்றிப்போச்சு என்றார். மோட்டார் பார்க்கிறவர் "நாளைக்கு வர்றேன்" என்று பதினொரு நாள் சொன்னார். களையெடுக்க வருவதாக இருந்த இரண்டு பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல். சென்னை என்றால் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கும், என்ன தப்பு செய்தோம் என்றாவது புரிந்திருக்கும். கடைசியில் டீக்கடை அக்காதான் கிளாஸை வைத்துவிட்டு, "எங்க மாமியாரை அந்தத் தடத்துலதான் தூக்கிட்டுப் போனோம்" என்றார். மயானத்துக்கு. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பத்திரத்தை முழுசாகப் படித்தேன். நாலாவது பக்கத்தில் இருந்தது, 'மாமூல் வழிநடைப் பாத்தியம்' என்று. அதாவது, வழக்கமாக நடந்து வரும் வழிக்கான உரிமை. புரோக்கர் சொல்லவில்லை, நானும் படிக்கவில்லை. பத்திரத்தில் இல்லாவிட்டாலும் நிலைமை பெரிதாக மாறியிருக்காது என்றார் தெரிந்த வக்கீல். 20 வருடம் தடையில்லாமல், உரிமையாக நடந்த வழியைக் கோர 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறதாம். வேலியைப் பன்னிரண்டு அடி உள்ளே தள்ளிப் போட்டேன். இருபத்திரண்டாயிரம் தண்டம். மறுநாள் பால் வந்தது. வற்றிய மாடு ஒரே ராத்திரியில் கறக்க ஆரம்பித்துவிட்டது!

ஆவணியில் அந்த ஆடு மேய்க்கும் பெரியவர் கிடைக்காரர்களை, அதாவது எருவுக்காக ராத்திரி நிலத்தில் ஆடு அடைப்பவர்களை, கூட்டிவந்தார். இருநூறு செம்மறி, மூன்று ராத்திரி என் தோப்பில் அடைந்தன. ராத்திரிக்கு இவ்வளவு என்று நான் காசு கொடுத்தேன். ஒவ்வொரு ராத்திரியும் பட்டியை இடம் மாற்றிக் கட்டினார்கள், புழுக்கையும் மூத்திரமும் நிலம் முழுக்கச் சீராக விழுவதற்கு. குப்பையில் கிடந்து காய்ந்த எருவில் மூத்திரத்தின் சத்து நிறையப் போய்விடும், கிடையில் அது நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. "ஆட்டெரு அந்த வருசம், மாட்டெரு மறு வருசம்" என்றார் பெரியவர். இயற்கை விவசாயம் பற்றி யூடியூபில் இருநூறு மணி நேரமாவது பார்த்திருப்பேன். அப்படிப்பட்ட நான் முதல் வேலையாகக் கம்பி கட்டி வெளியே நிறுத்தியது இந்த எருவைத்தான்.

கோயில் ஒலிபெருக்கி பற்றி என்னைப் போல ஊருக்குக் குடிவந்தவர்கள் நிறையப் பேர் புலம்புகிறார்கள். ராத்திரி 10 முதல் காலை 6 வரை கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது, தெரியும். மார்கழியில் இங்கே நாலரைக்குப் பாட்டு ஆரம்பம். நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. முதல் பங்குனித் திருவிழாவுக்கு ஐயாயிரம் கொடுத்தேன், நோட்டீஸில் பெயர் வந்தது, சந்தோஷப்பட்டேன். அந்தப் பட்டியலில் உள்ளூரில் குடியிருப்பவர் பெயர் ஒன்றுகூட இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அவர்கள் கொடுப்பது தலைக்கட்டு வரி, வீட்டுக்கு எண்ணூறு. நன்கொடை வெளியாளுக்கு.

2024-ல் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், "நானும் வரியே கொடுத்துடறேனே" என்றேன். சிரித்தார்.

"வரி குடுத்தா நாளைக்கு முறை கேப்பீங்க தம்பி."

முறை என்றால் திருவிழாவில் உரிமை, மரியாதை. அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஆமா, நீங்க என்ன ஆளுக?" என்றார். குலதெய்வம் எது, சொந்த ஊர் எது என்று மூன்று வருடமாக எல்லோரும் சுற்றிவளைத்துக் கேட்டதை இவர் நேராகக் கேட்டுவிட்டார். நான் பதில் சொல்லாமல் டீயைக் குடித்தேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனி. அந்த ஊர்ப் பெரியவருடைய தாத்தா காலத்திலிருந்து அங்கே இருக்கிற வீடுகளிடமும் வரி வாங்குவதில்லை. தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன், ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வந்து மூன்று வருடம்கூட முழுசாக ஆகாத நான் 'என்னை இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை' என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். களையெடுக்க வருகிற இருவரும் அந்தக் காலனிதான். அவர்களிடம் இதைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

இந்தப் பங்குனிக்கும் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார்கள். பணத்தைக் கொடுத்து, நோட்டீஸில் பெயர் வேண்டாம் என்றேன். போட்டுவிட்டார்கள். இனிஷியல் தப்பு.