100-ஐத் தொடும் ஆட்டம்: கணினி இரண்டு முறை ஆடுகிறது, கோட்-ஐ எங்கிருந்து சீர்செய்வது?

கோலிவாடா மாணவன்:
எல்லாருக்கும் வணக்கம். மும்பையில் சயான் கோலிவாடா, பி.எஸ்ஸி. ஐ.டி. இரண்டாம் ஆண்டு. எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளுக்காக பிரவுசரில் ஓடும் ஓர் எண் ஆட்டம் எழுதினேன். மொத்தம் 0-இல் தொடங்கும். பிள்ளையும் கணினியும் மாறி மாறி 1 முதல் 10 வரை ஏதாவது ஓர் எண்ணைக் கூட்ட வேண்டும். சரியாக 100-ஐத் தொடுகிறவருக்கு வெற்றி. ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் 240 வரி.

பட்டனை வேகமாக இரண்டு தடவை தட்டினால் பிள்ளையின் ஆட்டம் இரண்டு முறை விழுகிறது, பின்னாலேயே கணினியும் இரண்டு முறை ஆடிவிடுகிறது. நடுவில் 'புதிய ஆட்டம்' அழுத்தினால் திரை 0 காட்டிவிட்டு, ஒரு நொடிக்குள் தானாக 7 ஆகிறது. சில சமயம் 22-உடன் 5 கூட்டினால் 225 என்று வந்து ஆட்டம் அப்படியே நின்றுபோகிறது. எண்ணாக மாற்றும் வரியை நான்கு இடத்தில் சேர்த்தும் இது போகவில்லை.

மொத்தத்தை நான் தனியாக வைக்கவில்லை, திரையில் எழுதியிருப்பதைப் படித்துத்தான் கூட்டுகிறேன். பிள்ளைக்கு ஒரு ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கும் கோட் துண்டு), கணினிக்கு ஒரு ஃபங்ஷன், இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட். கணினி யோசிப்பதுபோல் தெரிய 800 மில்லிநொடி டைமர்.

எட்டு வயதுப் பெண் ஒருத்தி நேற்று "அண்ணா, கம்ப்யூட்டர் ஏமாத்துது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கூட்டல் பிடித்துப்போகட்டும் என்றுதான் இதை எழுதினேன், அவள் சொன்னது மனசிலேயே நிற்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ரியாக்டில் (திரைப் பக்கங்கள் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) எழுதச் சொல்கிறான் நண்பன். அதுதான் வழியா?

செம்பூர்வாசி:
அழிக்க வேண்டாம் தம்பி. ரியாக்டுக்குப் போனாலும் இந்தச் சிக்கல் கூடவே வரும்.

கடைக்காரர் கடன் கணக்கை நோட்டில் வைத்திருப்பார், பலகையில் எழுதுவது வாடிக்கையாளர் பார்க்க. உங்கள் ஆட்டத்தில் நோட்டே இல்லை, பலகை மட்டும்தான். திரையிலிருந்து படிப்பது எப்போதும் எண்ணாக இல்லாமல் எழுத்துச்சரமாகத்தான் (எழுத்துகளின் வரிசை) வரும். ஜாவாஸ்கிரிப்டில் சரத்தோடு + போட்டால் ஒட்டிவிடும், அதனால்தான் 225. கழித்தலாக இருந்திருந்தால் அதுவே எண்ணாக மாற்றிக்கொண்டிருக்கும், பிழை கண்ணிலேயே பட்டிருக்காது. மாற்றும் வரியை ஐந்தாவது இடத்திலும் சேர்ப்பதைவிட, திரையைப் படிக்கும் எல்லா வரிகளையும் எடுத்துவிடுங்கள்.

'நிலை' என்று ஒரே ஆப்ஜெக்ட் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் பெட்டி) வையுங்கள், அதுதான் உங்கள் நோட்டு: நிலை.மொத்தம், நிலை.முறை, நிலை.முடிந்தது. பெயர்களைத் தமிழெழுத்திலேயே வைக்கலாம், ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும். இரண்டு ஃபங்ஷன்களையும் ஒன்றாக்கி இப்படி அழையுங்கள்:

நிலை = ஆடு(நிலை, யார், எண்);
வரை(நிலை);

விதி முழுவதும் 'ஆடு'வுக்குள் இருக்கட்டும். முறை அவருடையது இல்லையென்றாலோ, எண் 1–10க்குள் இல்லையென்றாலோ, மொத்தம் 100-ஐத் தாண்டினாலோ, வந்த நிலையை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். மற்றபடி புதிய நிலை. 'வரை' திரையில் எழுதும், படிக்கவே கூடாது.

இரட்டைத் தட்டலுக்கு வருவோம். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். ஆனால் டைமர் ஓடும் 800 மில்லிநொடியும் அது சும்மா நிற்காது, தட்டல்களை வாங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தட்டலும் ஒரு டைமரைக் கிளப்புகிறது. முறையை 'ஆடு'வே பார்த்துக்கொண்டால் இரண்டாவது தட்டல் அங்கேயே செத்துவிடும். பட்டனை மங்கலாக்குவதும் நல்லதுதான், ஆனால் அதை நம்பி விதியை விடாதீர்கள்.

டைமர் தொடங்கும்போது கிடைக்கும் அதன் அடையாள எண்ணைச் சேமித்துவைத்து, 'புதிய ஆட்டம்' அழுத்தியதும் அந்த டைமரை ரத்துசெய்யுங்கள்.

தானே அக்கா:
0 தானாக 7 ஆகிறது என்றீர்கள். அதற்கு முன் பிள்ளை 5 ஆடியிருக்கும், இல்லையா? கணினி 12-ஐப் பிடிக்க 7-ஐ முன்பே தேர்ந்துவிட்டது, பழைய டைமர் அதைக் கொண்டுவந்து புதிய ஆட்டத்தில் போட்டுவிட்டது. எண்ணைத் தேர்வதும் டைமர் முடிந்த பிறகே நடக்கட்டும்.

கணினியின் உத்தியை எப்படி எழுதியிருக்கிறீர்கள்? இஃப் (இப்படி இருந்தால் என்ற நிபந்தனை) மேல் இஃபாக அடுக்கியிருந்தால் ஒரு வரி போதும் (% என்பது வகுத்தால் வரும் மீதி):

மீதி = (100 - நிலை.மொத்தம்) % 11;

மீதி 0 இல்லையென்றால் அதையே ஆட வேண்டும், 0 என்றால் ஏதோ ஓர் எண். எதிராளி எதை ஆடினாலும் நாம் 11-க்கு நிரப்பிவிடலாம் என்பதுதான் கணக்கு. அதனால் பிடிக்க வேண்டிய இடங்கள் 1, 12, 23, 34, 45, 56, 67, 78, 89. பிரெஞ்சுக் கணிதர் பாஷே 1612-இலேயே இந்த ஆட்டத்தை அச்சில் போட்டிருக்கிறார்.

'ஆடு' திரையைத் தொடாததால் பிரவுசர் இல்லாமலே, நோட் ஜேஎஸ்ஸில் (Node.js) ஓட்டிப் பார்க்கலாம். கண்டபடி ஆடும் எதிராளியோடு 1000 ஆட்டம். கணினி முதலில் ஆடினால் ஒன்றில்கூடத் தோற்கக் கூடாது. தோற்றால் எங்கோ பிழை.

ஒரு வேண்டுகோள், தம்பி. பிள்ளைகளையே எப்போதும் முதலில் ஆட விடுங்கள். 1-இல் தொடங்கக் கண்டுபிடித்துவிட்டால் அவர்கள் ஜெயிக்கலாம். கணினி முதலில் ஆடினால் அவர்களுக்கு வழியே இல்லை.

கோலிவாடா மாணவன்:
அக்கா, இஃப் அடுக்கு பத்து இருந்தது! இப்போது மொத்தமே 118 வரி. 5 ஆடினேன் என்பதும் சரி. 225 ஒளிந்திருந்த இடம், கடைசியாக ஆடியதைத் திரும்ப எடுக்க வைத்திருந்த 'முந்தைய ஆட்டம்' பட்டன், அதுவும் திரையைத்தான் படித்துக்கொண்டிருந்தது.

கணினி முதலில் ஆடியபோது 1000-க்கு 1000 வெற்றி. பிள்ளை முதலில் ஆடும்படி மாற்றியதும் சில ஆட்டங்கள் நகராமல் நிற்கின்றன. முறை கணினியிடமே இருக்கிறது.

தானே அக்கா:
மீதி 0 ஆகும்போது ரேண்டம் எண்ணை எப்படி எடுக்கிறீர்கள்? ஜாவாஸ்கிரிப்ட் தரும் ரேண்டம் எண் 0-க்கும் 1-க்கும் இடையில்தான் இருக்கும், அதை 10-ஆல் பெருக்கிக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கினால் 0 முதல் 9 வரைதான் வரும். 0 வந்தால் 'ஆடு' மறுக்கிறது, அது சரியாகத்தான் வேலை செய்கிறது. 1 கூட்டுங்கள். முதலில் ஆடும் கணினிக்கு மீதி 0 வரவே வராது, அதனால் முதல் சோதனையில் இது சிக்கவில்லை.

செம்பூர்வாசி:
'முந்தைய ஆட்டம்' இனி எளிது. 'ஆடு' பழைய நிலையைத் திருத்தாமல் புதியதைத்தானே தருகிறது? ஒவ்வொன்றையும் ஒரு பட்டியலில் போட்டுவையுங்கள், பட்டனை அழுத்தினால் பிள்ளை கடைசியாக ஆடுவதற்கு முன் இருந்த நிலையை எடுத்து வரையுங்கள். டைமரை ரத்துசெய்ய அங்கேயும் மறக்காதீர்கள்.

கோலிவாடா மாணவன்:
1 கூட்டியதும் எதுவும் நிற்கவில்லை. பட்டியலும் வேலை செய்கிறது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மறுபடி ஆடச் சொன்னேன். முதலில் படபடவென்று பட்டனைத் தட்டிப் பார்த்தாள், ஒரு ஆட்டம்தான் விழுந்தது. நான்கு முறை தோற்றாள். ஐந்தாவது முறை 78-இல் நிறுத்திவிட்டு விரலில் எண்ணத் தொடங்கினாள். கணினி 4 கூட்டி 82 ஆக்கியதும் 7-ஐத் தட்டினாள். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.