‘ஜி.ஐ.’ என்றால் அரசாங்கச் சரக்கா, இரும்பு வாளியா?

பழுப்புத்தாள்: இரண்டாம் உலகப்போர் படம் எதைப் பார்த்தாலும் அமெரிக்கச் சிப்பாயை ‘ஜி.ஐ.’ என்கிறார்கள். ‘கவர்ன்மென்ட் இஷ்யூ’ என்பதன் சுருக்கம். சட்டை, பூட்ஸ், சோப்பு எல்லாம் அரசாங்கம் கொடுத்தது. போட்டிருக்கிற ஆளும் அப்படித்தான் என்று அவர்களே தங்களைக் கிண்டலடித்துக்கொண்டது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

தகரக்கொட்டகை: நிறைய இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் ‘ஜி.ஐ. பைப்’ வாங்கியதில்லையா? அதே ‘கால்வனைஸ்டு அயர்ன்’தான், துத்தநாகம் பூசிய இரும்பு. அந்தக் கால அமெரிக்க ராணுவச் சரக்குப் பதிவேட்டில் வாளிக்கும் குப்பைத்தொட்டிக்கும் போட்ட குறி அது.

பழுப்புத்தாள்: குப்பைத்தொட்டியிலிருந்து சிப்பாய்க்கா? காதில் பூ சுற்றாதீர்கள்.

தகரக்கொட்டகை: நேராகத் தாவவில்லை. முதல் உலகப்போரில் ஜெர்மன் பீரங்கியின் பெரிய குண்டுகளை அமெரிக்கச் சிப்பாய்கள் ‘ஜி.ஐ. கேன்’, அதாவது இரும்புக் குப்பைத்தொட்டி, என்றார்கள். உங்கள் விளக்கம்தான் மூலம் என்றால், ஜெர்மன்காரன் குண்டை அமெரிக்க அரசாங்கமா வழங்கியது?

பழுப்புத்தாள்: சரி, அங்கே மடக்கிவிட்டீர்கள். ஆனால் ஆளுக்கு அந்தப் பெயர் ஒட்டியது இரண்டாம் போரில்தான். அதற்குள் ஜி.ஐ. சோப்பு, ஜி.ஐ. ஷூ எல்லாம் வந்தாயிற்று. சோப்பு என்ன இரும்பா? தன்னை ஜி.ஐ. என்று சொல்லிக்கொண்டவன் வாளியை நினைத்துச் சொல்லவில்லை.

ஊர்க்குருவி: நடுவில் ஒரு வார்த்தை. 1944இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்துக்கு நீளமான அதிகாரபூர்வப் பெயர் ஒன்று உண்டு. ஊரே அதை ‘ஜி.ஐ. பில்’ என்றது. போரிலிருந்து திரும்பியவர்களுக்குக் கல்லூரிச் செலவு, வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம். நக்கலாக வந்த பெயர் அங்கே மரியாதையாகிவிட்டது. ‘மரைன்’ என்ற தனிப் படைப்பிரிவுக்காரர் ஒருவரை மட்டும் அப்படிக் கூப்பிட்டுவிடாதீர்கள், முறைப்பார். அது தரைப்படைக்காரன் பெயர்.

தகரக்கொட்டகை: மரியாதை அப்புறம் வந்தது. கேள்வி எங்கிருந்து வந்தது என்பது. பதில்: வாளி.

பழுப்புத்தாள்: வாளியில் இருந்தது இரண்டே எழுத்து. ‘நாமும் அரசாங்கச் சரக்குதான்’ என்ற நக்கல் இல்லையென்றால் அது வாளியோடே நின்றிருக்கும்.

ஊர்க்குருவி: இதற்கே இப்படியா? முதல் போரில் இதே ஆட்களுக்கு ‘டோபாய்’ என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் பொரித்த மாவு உருண்டை என்பார்கள், சட்டைப் பொத்தான் என்பார்கள், மெக்சிகோ போரில் மேலெல்லாம் அப்பிய மண்தூசி என்பார்கள். அதையும் இங்கேயே தொடங்கட்டுமா?