ஒரே மாலையில் விலங்கு, பூ, பாட்டு: வழி சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து அத்தை வந்திருக்கிறார். ஊரில் வெயில் ஏறும் பங்குனியில், இங்கே சிங்கப்பூரில், கரையோரப் பூந்தோட்டத்தின் குளிரூட்டிய மலர்க் கூடத்தில் சகுரா (ஜப்பானியச் செர்ரிப் பூ) பூத்ததைக் கண்டதிலிருந்து ஒரே பிடிவாதம். விலங்குகளும் பார்க்க வேண்டுமாம், பூக்களுக்கு நடுவே உட்கார்ந்து நேரடிக் கச்சேரியும் கேட்க வேண்டுமாம். அதுவும் ஒரே சனிக்கிழமை மாலையில்!

மண்டாய் விலங்குத் தோட்டம் 6 மணிக்கு மூடிவிடும். அதன் பக்கத்திலுள்ள இரவு விலங்குத் தோட்டமான நைட் சஃபாரி திறக்க 7.15 ஆகும். நடுவில் உள்ள ஒன்றேகால் மணி நேரத்தை எப்படிக் கழிப்பது? அத்தைக்கு மூட்டு வலி. டிராமில் சுற்றினால் போதுமா, நடைபாதையிலும் போனால்தான் சிறுத்தை கண்ணில் படுமா?

பாட்டுக்குத் தாவரவியல் பூங்காவின் சிம்ஃபனி ஏரி மேடைதான் நினைவுக்கு வருகிறது. இலவசம், புல்தரையில் பாய் விரித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கிருந்து மண்டாய் பக்கமா என்ன? டாக்சி பிடித்தால் ஒரே இரவில் இரண்டும் முடியுமா, இல்லை பேசாமல் இரண்டு நாளாகப் பிரித்துவிடட்டுமா? (அத்தையிடம் இதை யார் சொல்வது என்பது வேறு கதை.)

அப்புறம், சனிக்கிழமை அவர் அசைவம் தொடமாட்டார். மண்டாயில் சைவச் சாப்பாடு கிடைக்குமா, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவதா? காதிப் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து மண்டாய்க்கு ஷட்டில் பேருந்தில் பெரியவர்களைக் கூட்டிப் போனவர்கள் இருந்தால், திரும்பும்போது கூட்டம் எப்படி என்றும் சொல்லுங்கள். இந்த வாரமே போகிறோம்.