எம்பிபிஎஸ் இல்லாம அனாட்டமி மேல படிக்கலாமா?

களுவாஞ்சிப்_பொடியன்:
வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில சுவாலஜி (விலங்கியல்) ஸ்பெஷல் டிகிரி முடிச்சி எட்டு மாசம், டியூஷன் குடுத்துக் காலம் போகுது. ஏஎல் சோதினையில மெடிசினுக்கு இசட் ஸ்கோர் (கெம்பஸுக்கு எடுக்கிற புள்ளி) காணல்ல, ஆனா அனாட்டமிப் (உடற்கூறு) பைத்தியம் மட்டும் இன்னும் விடல்ல. மனுச அனாட்டமியில மாஸ்டர்ஸ், பிறகு பிஎச்டி செய்யிற எண்ணம். கேட்ட ஆக்களெல்லாம் டொக்டர் இல்லாட்டி சரிவராது எண்டுறாங்க, உண்மையா? ஒன்லைன்ல ஒரு கோர்ஸ் செஞ்சா காணாதா? வீட்ட வேற அம்மா "பொணம் அறுக்கிற படிப்பா" எண்டு ஒரே புறுபுறுப்பு.

மீன்மகள்:
தம்பி, ரெண்டு விதமான மேற்படிப்பையும் போட்டுக் குழப்புறாங்க. கொழும்பு பீஜிஐஎம்ல (டொக்டர்மார் மேல படிக்கிற இடம்) எம்டி எண்டா எம்பிபிஎஸ் இல்லாம வாசலும் மிதிக்க ஏலா. ஆனா யூனிவர்சிட்டில ரிசேர்ச் செஞ்சி எடுக்கிற எம்ஃபில், பிஎச்டி வேற கதை. எஸ்எல்கியூஎஃப்ல (இலங்கையில டிகிரிகளுக்குப் படி பிரிச்ச சட்டகம்) எம்ஃபில் லெவல் 11, பிஎச்டி 12, உங்கட ஸ்பெஷல் டிகிரி லெவல் 6. நானும் சயன்ஸ் பக்கத்தால வந்து எம்ஃபில் செய்யிற ஆள்தான். முதல்ல சுபவைசரப் பிடிங்க, ஃபோம் நிரப்புறதெல்லாம் அதுக்குப் பிறகு.

ஒன்லைன் மட்டும் எண்டா வேணாம், காசுதான் வீணாப் போகும். நான் முதல் நாள் கமக்கட்டுக்குள்ள பிரேக்கியல் பிளெக்ஸஸ் (கைக்குப் போற நரம்புப் பின்னல்) தேடின கதையச் சொல்றன் கேளுங்க. புத்தகத்தில நரம்பு மஞ்சள், நாடி சிவப்பு, நாளம் நீலம். பொடில (அறுத்துப் படிக்கிற பொணத்தில) பாத்தா எல்லாம் கொழுப்புக்குள்ள புதைஞ்சி ஒரே சாம்பல் வெள்ளை, நரம்பா டெண்டனா (தசைநாணா) எண்டே விளங்கல்ல. கத்தியக் கீழ வெச்சிட்டு ஃபோசெப்ஸால (சாவணத்தால) கொஞ்சங்கொஞ்சமா கொழுப்ப இழுத்து இழுத்து ரெண்டு மணித்தியாலம், பிறகுதான் நடுவில அந்த எம் எழுத்து தெரிஞ்சது, மஸ்குலோகியூட்டேனியஸ், மீடியன், அல்நார் எண்ட மூணு நரம்பும் சேந்து கீறின மாதிரி. மற்றப் பக்கக் கையில மஸ்குலோகியூட்டேனியஸே இல்ல! மீடியன்தான் அது போக வேண்டிய தசைகளுக்கும் கிளை குடுத்திருந்திச்சு. இப்பிடி ஆளுக்கு ஆள் மாறுற வேரியேஷன்தான் பின்னால தீசிஸா (ஆய்வுக் கட்டுரையா) வாற, ஸ்கிரீன்ல அது கிடைக்காது.

கல்முனை_நானா:
தங்கச்சி சொல்றது சரி. வெளிநாடு எண்டா இந்தியால மெடிக்கல் கொலேஜ்ல எம்எஸ்சி மெடிக்கல் அனாட்டமி மூணு வருஷம், பயோ டிகிரிக்காரரயும் எடுக்கிறாங்க. யூகேல மாஸ்டர்ஸ் ஒரு வருஷம், ஃபீஸ்தான் கழுத்த நெரிக்கும். ஸ்கொட்லாந்து டண்டீல பொடிய தீல் முறை எண்ட ஒண்டால பதப்படுத்துறாங்க, மூட்டெல்லாம் மடங்கும், ஃபோமலின்ல பதப்படுத்தின பொடி மாதிரி விறைச்சிக் கிடக்காது. ஒரு விசயம், படிச்சி முடிச்சா வேலை டீச்சிங், ரிசேர்ச்தான், வாட்டில நோயாளிகளப் பாத்து ரவுண்ட் போற கனவு இரிந்தா இப்பவே விட்ருங்க.

களுவாஞ்சிப்_பொடியன்:
கனவு அதில்ல நானா, படிப்பிக்கத்தான் ஆசை. அக்கா, பொடி கிடைக்காட்டி என்ன செய்யிற?

மீன்மகள்:
எலும்பு இரிக்கே! காஞ்ச மண்டையோடும் வேர்னியரும் (நுணுக்கமா அளக்கிற கருவி) காணும், நரம்பு வாற துவாரங்கள அளந்தே தீசிஸ் எழுதின ஆக்கள் கனபேர். அம்மாட்டயும் எலும்பு எண்டே சொல்லுங்க. அடுத்த கிழமை பிள்ளையாரடி மெடிக்கல் ஃபெகல்டிக்கு நேர போய் அனாட்டமில ஆரு என்ன ரிசேர்ச் செய்யிறாங்க எண்டு விசாரிங்க, ஈமெயில் மட்டும் போட்டா பதில் வாறதுக்கிடையில வயசு போயிரும். டிரான்ஸ்கிரிப்ட் கொப்பியையும் கையோட கொண்டு போங்க.