எல்லாம் சொல்லி அனுப்பியும் ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் போதிய அளவு ரத்தத்தை இறைக்க முடியாத நிலை) நோயாளிகள் மூச்சிரைப்போடு திரும்பி வருவது ஏன்?

வார்டு சிஸ்டர்:
டிஸ்சார்ஜ் அன்று நாலு விஷயம் சொல்கிறோம். உப்பைக் குறைக்கணும், தண்ணீரை அளந்து குடிக்கணும், தினம் எடை பார்க்கணும், மாத்திரையை நிறுத்தக் கூடாது. திருப்பிக் கேட்டால் அப்படியே ஒப்பிக்கிறார்கள். சில வாரத்தில் கால் வீங்கி, மூச்சு வாங்கி வந்து நிற்கிறார்கள். வீட்டில் தடுப்பது எது? எதைக் கேட்டு அனுப்பினால் பலன் இருக்கும்?

உப்புக்கணக்கு:
சிஸ்டர், தலையாட்டுகிறவர் சாப்பிடுகிறவர். உப்புப் போடுகிறவர் வீட்டில் இருக்கிறார். அவரை வரவழைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: "வீட்டில் எத்தனை பேர், கிலோ உப்பு எத்தனை நாள் வருது?" ஆளுக்கு நாளைக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன் என்றால், நாலு பேருக்கு 50 நாள் வரணும். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் இதில் சேராது.

தனிச் சமையல் பத்து நாள்கூடத் தாங்காது. குழம்பில் உப்புப் போடும் முன்பே அவர் பங்கை எடுத்து வைத்துவிடலாம். இட்லி மாவிலும் அப்படியே. புளி, எலுமிச்சை, மிளகு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் சப்பென்று தெரியாது. இந்துப்பு நல்லது என்பது வெறும் பேச்சு, அதுவும் சோடியம்தான். 'லோ சோடியம்' உப்பு இன்னும் மோசம்: அதில் பொட்டாசியம் இருக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில் என்ற இதய மாத்திரைகளை எடுப்பவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

மருந்துக்கடை:
சிறுநீரைக் கூட்டி உடலில் தேங்கிய நீரை வெளியேற்றும் நீர் மாத்திரையைப் பலர் மறப்பதில்லை, வேண்டுமென்றேதான் விடுகிறார்கள். பஸ் பயணம், கல்யாண மண்டபம், கழிப்பறை இல்லாத இடம். பெண்களிடம் இது அதிகம், கேட்காமல் சொல்ல மாட்டார்கள். ஃபியூரோஸ்மைடு என்ற நீர் மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் வரை இழுக்கும். வெளியே போகும் நாளில் திரும்பி வந்து மாலை 4 மணிக்குள் போடலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது மூட்டு வலி. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரைகள் இரண்டும் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கி, நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். "வலிக்கு என்ன போடுறீங்க?" என்று தனியாகக் கேளுங்கள், அதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாரசிட்டமால் பரவாயில்லை, ஆனால் தண்ணீரில் நுரைத்துக் கரையும் வகையில் சோடியம் அதிகம்.

பழைய ஸ்ட்ரிப்புகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இரட்டிப்பாக உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

எடைக்காரர்:
காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில், சமமான தரையில் நின்று பார்க்கணும். பாய்மேல் வைத்தால் மெஷின் பொய் சொல்லும். எடையைத் தினசரி காலண்டரில் குறித்தால் மறுநாள் தாளோடு கிழிந்துபோகும், நேற்றோடு ஒப்பிட முடியாது. மாதக் காலண்டர்தான் சரி. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால், வீக்கம் தெரியும்வரை காத்திருக்காமல் போன் செய்யணும். எந்த நம்பருக்கு? அதே காலண்டரில் பெரிதாக எழுதியிருக்கணும். கண் தெரியாதவர், ஞாபகம் குறைந்தவர், மனம் சோர்ந்து எதிலும் பிடிப்பில்லாதவர், இவர்களுக்கெல்லாம் குறிக்கும் பொறுப்பு வீட்டில் வேறொருவருடையது.

வார்டு சிஸ்டர்:
நன்றி. சிலர் சரியாகவே சாப்பிடுவதில்லை. எடை ஏறாமலே மூச்சிரைப்போடு வருகிறார்களே?

எடைக்காரர்:
சதை கரைந்த இடத்தில் நீர் ஏறியிருக்கும், மெஷினில் தெரியாது. நேற்றுப் போட்ட செருப்பு இன்று இறுக்குகிறதா, மெட்டி கழற்ற வருகிறதா, படுத்தால் இருமல் வருகிறதா, மூச்சு முட்டாமல் படுக்க ஒரு தலையணை மூன்றாகிவிட்டதா என்று கேளுங்கள். "வாயுத் தொல்லைதான்" என்று பதில் வந்தால் தலையணைக் கணக்கை இன்னொரு முறை கேளுங்கள்.